கையெழுத்துக்கு மட்டுமா அம்மாக்கள்?

"ஸ்கூல்ல கூப்பிட்டு விட்டிருக்காங்க" என்றாலே நம் ஊர் வீடுகளில் ஒரு பதற்றம் வந்துவிடும். பையன் யாரையாவது அடித்துவிட்டானோ, ஜன்னலை உடைத்துவிட்டானோ என்று அடித்துப் பிடித்து ஓடுவார்கள். அரசுப் பள்ளி பெற்றோரைத் தேடியதெல்லாம் பெரும்பாலும் இரண்டுக்காகத்தான்: புகார் சொல்ல, நன்கொடை கேட்க.

நன்கொடையைக் குறைத்துச் சொல்லவில்லை. காமராஜர் ஆட்சியில், நெ.து.சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலமும் கட்டடமும் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தார்கள். ஆனால் பள்ளி நிர்வாகத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்கும் உரிமையை அரசுப் பள்ளிப் பெற்றோருக்குப் பொதுவாக்கியது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது அது. வருகிற நிதி எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும், பள்ளி மேம்பாட்டுத் திட்டம் தயாரிப்பதும் அந்தக் குழுவின் வேலை.

பல ஆண்டுகள் அது ஏட்டளவிலேயே கிடந்தது. 2022இல் 'நம் பள்ளி நம் பெருமை' என்ற பெயரில் தமிழக அரசு குழுக்களைப் புதுப்பித்தது. அந்த ஆண்டு மார்ச் 20 அன்று அரசுப் பள்ளிகளில் பெற்றோர் கூட்டம் நடந்தது. 2024இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களும் சேர்ந்தார்கள். நல்ல தொடக்கம்தான். அது பல இடங்களில் எங்கே தேங்குகிறது என்பதற்கு நான் பார்த்த ஒரு கூட்டத்தைச் சொல்கிறேன்.

வராந்தாவில் பாய் விரித்து அம்மாக்கள் உட்கார்ந்திருந்தார்கள். கட்டட ரிப்பேர், விளையாட்டு விழா என்று பேச்சு ஓடியது. கடைசியில் ஒரு அம்மா தயங்கித் தயங்கி, "எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல தண்ணியே குடிக்க மாட்டேங்குது டீச்சர்" என்றார்.

"ஏம்மா?"

"பாத்ரூம்ல தாழ்ப்பா இல்லையாம். ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி கதவைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமாம்."

உடனே நாலைந்து பேர் "ஆமா டீச்சர், எங்க வீட்லயும் இதே கதைதான்" என்றார்கள். எந்த ஆய்வு அதிகாரியும் கேட்டிருக்க முடியாத செய்தி அது. தாயிடம் மட்டுமே ஒரு சிறுமி அதைச் சொல்வாள். தீர்மான நோட்டில் அது எப்படி ஏறியது தெரியுமா? 'கழிப்பறை பராமரிப்பு குறித்து விவாதிக்கப்பட்டது.' தாழ்ப்பாளும் இல்லை, தேதியும் இல்லை, பொறுப்பாளர் பெயரும் இல்லை. அதன் கீழே அத்தனை அம்மாக்களும் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார்கள்.

தலைமையாசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலே அனுப்ப வேண்டிய தகவல்களே அவருக்குத் தலைக்கு மேல் இருக்கின்றன. பெற்றோர் பக்கமும் சிக்கல் உண்டு: வேலை நாளின் பிற்பகலில் கூட்டம் வைத்தால் நூறு நாள் வேலைக்கோ பனியன் கம்பெனிக்கோ போகும் தாய்க்கு அன்றைய கூலியே போய்விடும். வராதவரை "அக்கறையில்லாத பெற்றோர்" என்பது அநியாயம். 2022இல் அந்தப் பெரிய கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமையில்தானே வைத்தார்கள்? மாதாந்திரக் கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் அந்தந்த ஊர்ப் பெற்றோரைக் கேட்டே வைக்கட்டும். எழுதிய தீர்மானத்தைக் கையெழுத்துக்கு முன் உரக்கப் படித்துக் காட்டட்டும். யார் செய்வது, எந்தப் பணத்தில், எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் அதில் இல்லாவிட்டால் அம்மாக்கள் பேனாவைத் தொட வேண்டாம்.