ரிவிட் வரிசையை எண்ணிய அப்பா

டெல்லி பாலம் விமானதளத்தை ஒட்டியிருக்கிறது இந்திய விமானப்படை அருங்காட்சியகம். 1967-இல் தொடங்கியது. போன குளிர்காலத்தில் அப்பாவை அங்கே அழைத்துப் போனேன். தாம்பரத்தில் பயிற்சி முடித்து இருபது வருடம் விமானப்படையில் ஃபிட்டராக இருந்தவர் அவர்.

இரட்டை இறக்கையோடு வாபிட்டி நிற்கிறது. 1933 ஏப்ரல் 1 அன்று இந்த ரகத்தில் நான்கே நான்கு விமானங்களை வைத்துத்தான் நம் முதல் ஸ்குவாட்ரன் உருவானது. 'நாட்' விமானத்தின் முன்னால் பள்ளிப் பிள்ளைகள் கூட்டம். 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரைத் தாக்கவந்த பாகிஸ்தானின் சேபர் விமானங்களை இதுபோன்ற ஒரு 'நாட்' விமானத்தில் ஏறி எதிர்த்து உயிர்விட்டார் நிர்மல்ஜித் சிங் சேகோன். விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்றவர் அவர் ஒருவர்தான்.

அப்பா சேகோனுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு நேராக லிபரேட்டரிடம் போனார். நான்கு எஞ்சின் பூட்டிய அமெரிக்க குண்டுவீச்சு விமானம். இறக்கையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 33 மீட்டர். அதன் வயிற்றோரம் ஓடும் ரிவிட் வரிசையை உதடு அசைய எண்ணத் தொடங்கினார். அரைமணி நேரம் நகரவில்லை.

காரணம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை தன் லிபரேட்டர்களைக் கான்பூரில் போட்டுவிட்டுப் போனது. அமெரிக்கா இரவலாகக் கொடுத்தவை என்பதால், இனி யாரும் பறக்க முடியாதபடி வேண்டுமென்றே சிதைத்துவிட்டுப் போனார்கள். சுதந்திர இந்தியாவிடம் பெரிய குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. வாங்கப் பணமும் இல்லை. பெங்களூர் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் தொழிலாளர்கள் அந்தக் குப்பைமேட்டில் இறங்கினார்கள். இதில் ஓர் உறுப்பு, அதில் ஓர் உறுப்பு என்று கழற்றிப் பூட்டி, பறக்கும் அளவுக்குத் தேற்றினார்கள். சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைச் சுமார் 1,500 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூருக்கு ஓட்டிப்போனார். அங்கே முழுதாகப் புதுப்பிக்கப்பட்டு, 1948 முதல் படையில் சேர்ந்தன. ஏறக்குறைய நாற்பது விமானங்கள்! 1968 வரை பறந்தன. உலகில் லிபரேட்டரைக் கடைசிவரை பறக்கவிட்ட விமானப்படை நம்முடையதுதான்.

"ஓட்டினவர் பேரு புஸ்தகத்துல இருக்கும்மா. ரிவிட் அடிச்சவன் பேரை யாரு எழுதி வெச்சாங்க?" என்றார் அப்பா. குரல் கம்மியிருந்தது. அந்தக் கேள்வி நியாயமானது. சண்டை போட்டவர்களுக்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியாவது இவர்களுக்குச் சேரவேண்டும்.

டெல்லிக்குப் போகிறவர்கள் அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு ஒருநாள் பாலத்துக்குப் போய்வாருங்கள். 'நாட்' விமானத்தைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். லிபரேட்டரின் பக்கத்தில் பிள்ளைகளை நிறுத்தி, கான்பூர் கதையைச் சொல்லுங்கள்.