கிண்ணச் செடியும் காகிதப்பூக் கொடியும்

ஏக்மியா, காகிதப்பூ இரண்டும் பிரேசிலிலிருந்து உலகத் தோட்டங்களுக்குப் பரவிய அழகுச் செடிகள். புரோமிலியாட் குடும்பத்தைச் சேர்ந்த ஏக்மியா ஃபேசியேட்டா, தென்கிழக்குப் பிரேசிலின் அட்லாண்டிக் மழைக்காட்டில் மரக்கிளைகளைப் பற்றி வளர்வது. போகன்வில்லா என்ற தாவரவியல் பெயர் கொண்ட காகிதப்பூவோ முள்ளை மாட்டி மரமேறும் கொடி. இன்று ஏக்மியா குளிரூட்டிய வரவேற்பறையின் மேசை மேல் வெள்ளிக் கோடுகளுடன் அமர்ந்திருக்கிறது. காகிதப்பூ நெடுஞ்சாலையின் நடுத்திட்டில் லாரிப் புகையைக் குடித்துக்கொண்டு கொத்துக் கொத்தாகச் சிவக்கிறது. நர்சரியில் இரண்டையும் ஒரே வரிசையில் அடுக்கி வைத்து விற்பதால், வாங்கிச் செல்பவர் இரண்டுக்கும் ஒரே மாதிரித் தண்ணீர் ஊற்றுகிறார். பெரும்பாலான தோல்விகள் அங்கேதான் தொடங்குகின்றன.

காகிதப்பூவுக்கு ஒரு கடற்பயணக் கதை உண்டு. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி போகன்வில் உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட கப்பல்களில் ஃபிலிபேர் கொமெர்சோன் என்ற தாவரவியலாளரும் சென்றார். 1767இல் கப்பல்கள் ரியோ டி ஜெனிரோவில் நின்றபோது சேகரித்த கொடிக்குத் தளபதியின் பெயரையே சூட்டினார். அவருடைய உதவியாளராக ஆண் வேடத்தில் கப்பலேறிய ஜான் பாரே, உலகைச் சுற்றிவந்த முதல் பெண்ணாக இன்று அறியப்படுகிறார். நோய்வாய்ப்பட்டிருந்த கொமெர்சோனுக்குப் பதில் அந்தக் கொடியைக் கண்டெடுத்ததே அவர்தான் என்று கருதுவோரும் உண்டு. கொமெர்சோன் 1773இல் மொரீஷியஸில் இறந்தார்; அவர் வைத்த பெயர் 1789இல்தான் அச்சேறியது.

இரண்டு செடிகளிலும் கண்ணைப் பறிக்கும் நிறம் பூவினுடையதல்ல. பூவுக்கு அடியில் வரும் பூவடிச்செதில் என்ற மாறிய இலைதான் அந்த வேலையைச் செய்கிறது. காகிதப்பூவின் ஒரு கொத்தைக் கிள்ளிப் பார்த்தால் மெல்லிய தாள் போன்ற மூன்று செதில்கள் தெரியும். ஒவ்வொரு செதிலின் நடுநரம்பிலும் ஒட்டினாற்போல் ஒரு சிறு குழல். அதன் நுனியில் வெளிர்மஞ்சளாகவோ வெள்ளையாகவோ விரியும் நட்சத்திரம்தான் உண்மையான பூ. ஏக்மியாவில் இலைகளின் நடுவிலிருந்து கதிர் ஒன்று எழும்பும். அதில் ரோஜா நிறத்தில் அடுக்கடுக்காக நிற்கும் கூரான செதில்களுக்கு இடையில் ஊதாப் பூக்கள் எட்டிப் பார்க்கும். அவை விரைவில் வாடிவிடும்; செதில்களின் நிறமோ மாதக்கணக்கில் நிற்கும். இலையின் உறுதி கொண்டவை என்பதால்தான் இவை இதழ்களைப் போல ஓரிரு நாளில் உதிர்வதில்லை.

காகிதப்பூவின் நிறத்திலும் ஒரு விசேஷம். செம்பருத்தி, ரோஜா முதலிய பெரும்பாலான பூக்களைச் சிவக்க வைக்கும் ஆந்தோசயனின் இதில் கிடையாது. பீட்ரூட்டில் உள்ள பீட்டாலைன் வகை நிறமிகளே இதற்கு வண்ணம் தருகின்றன. அந்திமந்தாரையும் தரையோடு படரும் மூக்கிரட்டையும் காகிதப்பூவின் குடும்பம்தான்.

புரோமிலியாட் குடும்பம் மிகப் பெரியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்டது. மேற்கு ஆப்பிரிக்காவில் காணப்படும் ஓரினத்தைத் தவிர மற்ற அனைத்தும் அமெரிக்கக் கண்டங்களுக்கே உரியவை. தமிழர்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கமான புரோமிலியாட் அன்னாசி. அன்னாசி மண்ணில் வேரூன்றும். ஏக்மியா மரத்தில் தொற்றும். தொற்றினாலும் அது ஒட்டுண்ணி அல்ல. மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. உட்கார இடம் மட்டுமே கேட்கிறது. அதன் வேரின் முதன்மையான வேலை கிளையைப் பிடித்துக்கொள்வதே. சாப்பாடும் தண்ணீரும் இலை வழியாக வருகின்றன. அகன்ற இலைகள் அடியில் ஒன்றையொன்று இறுக்கமாகத் தழுவி ஒரு கிண்ணத்தை உண்டாக்குகின்றன. மழைநீர், உதிர்ந்த சருகு, பூச்சிகளின் எச்சம் எல்லாம் அதில் சேர்ந்து ஊறிச் சத்துநீராகின்றன. இலைப் பரப்பில் உள்ள நுண்ணிய செதில்முடிகள் நீர் பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டு, காய்ந்ததும் மூடிக்கொள்கின்றன. ஏக்மியாவின் சாம்பல்பச்சை இலையில் குறுக்கே ஓடும் வெள்ளிப் பட்டைகள் இந்தச் செதில்முடிகளின் கூட்டமே. தூசி என்று நினைத்து ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தால் அழகும் போகும், வேலை செய்யும் உறுப்பும் போகும்.

காட்டில் இந்தக் கிண்ணம் ஒரு குளம். தவளைக் குஞ்சுகளும் பூச்சிகளின் புழுக்களும் அதில் வளர்கின்றன. ஜமைக்காவில் ஒரு நண்டினம் புரோமிலியாட் இலையிடுக்கு நீரிலேயே குஞ்சுகளை வளர்க்கிறது. கோஸ்ட்டா ரிகா விஞ்ஞானி க்ளோடோமிரோ பிக்காடோ இந்தக் கிண்ண உயிர்களைப் பற்றி 1913லேயே விரிவாக எழுதினார்.

காகிதப்பூவின் உடலமைப்பு நேர் எதிரானது. கொடி என்று சொன்னாலும் அதற்குப் பாகலைப் போலப் பற்றுக்கம்பி கிடையாது. அவரையைப் போலச் சுற்றி ஏறவும் தெரியாது. நீண்ட தண்டுகளை வீசி, முள்ளைப் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டு மேலேறும். எனவே பந்தலிலோ வாசல் வளைவிலோ ஏற்ற வேண்டுமானால் அவ்வப்போது கயிற்றால் கட்டிவிட வேண்டும். கட்டாமல் கவாத்து செய்துகொண்டே வந்தால் புதராக நிற்கும். வேலியாகும், தொட்டியில் போன்சாயும் ஆகும். இந்த வளைந்துகொடுக்கும் குணம் ஏக்மியாவிடம் இல்லை. அது வளர்ந்து நிற்கும் வடிவம் ஒன்றே ஒன்று.

தண்ணீர் விஷயத்தில்தான் இரண்டும் எதிரெதிர்த் துருவங்கள். ஏக்மியாவின் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் நீர் இருக்க வேண்டும். தொட்டிக் கலவையோ லேசான ஈரத்தோடு இருந்தால் போதும். வயல்மண்ணில் நட்டு அதைச் சேறாக்கினால் அடி அழுகும். தேங்காய் நார்த்துண்டு, கரித்துண்டு, மரப்பட்டை கலந்த கலவையில் நீர் தேங்காது. ஆழ்குழாய்க் கிணற்றின் உப்புநீரை ஊற்றினால் இலையில் வெள்ளைப் படலம் படியும், மழைநீர் உத்தமம். காகிதப்பூவுக்கோ காய்ச்சல்தான் மருந்து. தண்ணீரும் தழைச்சத்தும் தாராளமாகக் கிடைத்தால் அது பச்சை பசேலென்று தழைக்குமே தவிரப் பூக்காது. மண் நன்கு காய்ந்து இலை லேசாகத் தொய்யும்போது ஒருமுறை நிறைய ஊற்றி, மறுபடி காயவிட வேண்டும். மழைக்காலம் முடிந்து மண் காயத் தொடங்கியதும் தமிழ்நாட்டுச் சாலையோரங்களில் அது பூத்துக் குலுங்குவதற்கு இந்தக் காய்ச்சல் ஒரு காரணம். குறைந்த பகல்பொழுது இன்னொன்று. புதுத் துளிரில்தான் பூ வரும் என்பதால் ஒரு பூப்பு முடிந்ததும் கவாத்து செய்வது நல்லது.

வெயிலுக்கும் இதே பிரிவினைதான். காகிதப்பூவுக்குத் தினம் ஐந்தாறு மணி நேர நேரடி வெயில் வேண்டும்; மொட்டை மாடி அதற்குச் சொர்க்கம், வீட்டுக்குள் வைத்தால் இலை மட்டுமே மிஞ்சும். ஏக்மியாவுக்கு வெளிச்சம் வேண்டும், உச்சிவெயில் கூடாது. கிழக்குப் பார்த்த சன்னலோ நிழல்வலைக் கூரையோ போதும். சித்திரை வெயிலில் விட்டால் இலையில் வெந்த தழும்பு விழும், அது ஆறாது.

ஆயுள் கணக்கையும் வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டும். காகிதப்பூ மரமாய்ப் பருத்துப் பல பத்தாண்டுகள் மீண்டும் மீண்டும் பூக்கும். ஏக்மியாவின் ஒரு செடி, வாழையைப் போல, ஒரே முறை பூத்து மெல்ல மடியும். கடைக்காரர் அதைப் பூத்த நிலையில்தான் விற்கிறார், அதாவது அதன் கடைசி அத்தியாயத்தில். சில மாதம் கழித்துத் தாய்ச்செடி வாடத் தொடங்கும்போது வாங்கியவர் தன் வளர்ப்பில்தான் குறை என்று நொந்துகொண்டு தூக்கி எறிந்துவிடுகிறார். அதற்குள் அடியில் பக்கக்கன்றுகள் கிளம்பியிருக்கும். அவை தாயின் பாதி உயரம் வந்ததும் பிரித்து நட்டால் சில ஆண்டுகளில் பூக்கும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: கிண்ணத்து நீரை வடித்துவிட்டு, முழு வளர்ச்சி பெற்ற செடியைப் பழுத்த ஆப்பிளோடு பாலிதீன் பையில் சில நாள் மூடிவைப்பது. பழம் விடும் எத்திலீன் வாயு பூப்பைத் தூண்டும். அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடிக் கூடங்களுக்குள் புகைபோட்டு அன்னாசியைப் பூக்க வைத்த பழைய முறையும் இதே தத்துவம்தான்.

காகிதப்பூவைப் பென்சில் பருமன் குச்சி வெட்டி நட்டோ, பதியம் போட்டோ பெருக்கலாம். பல ரகங்கள் விதை வைப்பதில்லை. புதிய நிறங்களில் பல ஒரு கிளை தானாக மாறியதால் கிடைத்தவை. கொலம்பியாவின் கார்த்தஹேனாவிலிருந்து வந்த சிவப்பு ரகமான 'மிஸஸ் பட்'டின் வழியில் இந்தியாவில் கிடைத்தது 'மேரி பால்மர்'. ஒரே செடியில் வெள்ளையும் ஊதாச்சிவப்பும் காட்டுவது. உலகின் காகிதப்பூ ரகங்களுக்குப் பெயர் பதியும் பொறுப்பு புதுதில்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

தொல்லைகளும் உண்டு. காகிதப்பூவின் முள் குழந்தைகள் ஓடும் நடைபாதைக்கு ஆகாது; வேரைக் கலைத்தால் செடி எளிதில் தளர்ந்துவிடும் என்பதால் தொட்டி மாற்றும்போது மண்கட்டி உடையக் கூடாது. ஏக்மியாவுக்குத் தாமிரம் நஞ்சு. தோட்டத்தில் தாமிரமுள்ள போர்டோ கலவை தெளிக்கும் நாளில் அதைத் தள்ளி வைக்க வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் அதன் கிண்ணம் இடம் கொடுக்கக்கூடும் என்பதால் வாரம் ஒருமுறை செடியைச் சாய்த்துப் பழைய நீரைக் கொட்டி, குழாய்நீரை வேகமாகப் பாய்ச்சி இலையிடுக்குகளை அலசிவிட்டுப் புதுநீர் நிரப்ப வேண்டும்.