பில்லை நனைய விடாதீர்கள்

தூத்துக்குடியில் டிசம்பருக்கு ஸ்வெட்டர் தேவைப்படாது. விடியலில் வாசல் தெளிக்கும்போது பாதத்தில் ஒரு சிலிர்ப்பு, கொடியில் இரண்டு நாளாகக் காயாத துணி, சின்னப் பிள்ளைக்கு மூக்கு ஒழுகல். நம் ஊர்க் குளிர் அவ்வளவுதான். ஆனால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலம் தொடங்கி இருபத்தைந்தாம் தேதிக்குள் ஒரு வீடு முடிக்க வேண்டிய வேலை இருக்கிறதே, அது தனிக் கணக்கு. துணி எடுக்கணும், தைக்கக் கொடுக்கணும், முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுக்கணும், பேக்கரியில் கேக் சொல்லி வைக்கணும், பரண்மேல் கிடக்கும் நட்சத்திரத்தை இறக்கித் துடைக்கணும், சென்னையிலிருந்து வரும் மகனுக்கு முத்துநகர் எக்ஸ்பிரஸில் இடம் கிடைத்ததா என்று பார்க்கணும். இதற்கு நடுவே வடகிழக்குப் பருவமழை, பாக்கி வைத்த கடனை வசூலிக்க வந்தவர் மாதிரி வாசலில் நின்றுகொண்டிருக்கும்.

இந்த வேலை ஒவ்வொன்றும் கையில் ஒரு துண்டுத்தாளைத் தந்துவிட்டுப் போகிறது. கடை பில், டெய்லர் சீட்டு, டிக்கெட், பாலிசித் தாள். அவசரத்தில் அதைத்தான் முதலில் தொலைக்கிறோம். சட்டம் நம் பக்கம் இருந்தும் தோற்றுப்போகிறவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, மகளுக்கு எடுத்த பட்டுப்பாவாடையை வீட்டில் பிரித்துப் பார்த்தார். இடுப்புப் பக்கம் சரிகை பிரிந்து, நெசவே விட்டிருந்தது. மறுநாள் மழையோடு கடைக்குப் போனார். “பில் இருக்காக்கா?” என்றான் கல்லாவில் இருந்த பையன். பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தார். வெறும் வெள்ளைத்தாள். இப்போது கடைகளில் தரும் வழவழப்பான பில் மையால் அச்சடிப்பதல்ல, சூட்டில் கறுக்கும் தாள். ஈரம், வெயில், கைவியர்வை எது பட்டாலும் எழுத்து மங்கிவிடும். பையன் தலைக்கு மேலே தொங்கிய பலகையைக் காட்டினான்: ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.’

அந்தப் பலகைக்குப் பயப்பட வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, முறையற்ற வணிகம் எதுவெதுவென்று பட்டியல் போடும்போது இரண்டு விஷயங்களைச் சேர்த்துச் சொல்கிறது. ஒன்று, விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பது. இன்னொன்று, குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது. பில்லில் கெடு ஏதும் போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடாவிட்டால் 30 நாளுக்குள் கடை அதை ஏற்க வேண்டும். பலகையில் எழுதி மாட்டியதாலோ பில்லின் அடியில் பொடி எழுத்தில் அச்சடித்ததாலோ இந்தக் கடமை கடையை விட்டு நீங்காது. கடைக்காரர் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். இந்த உரிமை குறையுள்ள பொருளுக்குத்தான். “நிறம் பிடிக்கலை, மாமியார் வேற கலர் கேக்காங்க” என்று போய் நின்றால், மாற்றித் தருவது கடைக்காரரின் பெருந்தன்மை. சட்டம் அதில் தலையிடாது.

அக்காவைக் காப்பாற்றியது அவர் போன். ஜிபேயில் பணம் போட்ட நாள், நேரம், தொகை, கடைப் பெயர் எல்லாம் அதில் இருந்தது. பணம் கட்டியதற்கு அது சான்று. பாவாடையை மாற்றிக் கொடுத்தார்கள், முகத்தைத் தூக்கிக்கொண்டுதான். அன்றிலிருந்து அவர் கடைப் படியிறங்கும் முன்பே பில்லைப் போட்டோ எடுத்துவிடுகிறார்.

துணிக்கடை என்றதும் இன்னொன்று. பை இல்லாமல் போனால் கடைப் பெயர் போட்ட பையையே நமக்கு விலைக்கு விற்கிறார்கள். முன்கூட்டிச் சொல்லாமல் கல்லாவில் வைத்துப் பைக்குக் காசு கேட்பது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரில் ஒரு வழக்கில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதற்கு வாதாடுவதை விட மஞ்சப்பையை மடித்துக் கையில் எடுத்துப் போவது எளிது என்பது என் கட்சி. அந்தக் கடைக்குள் காலை முதல் இரவு வரை புடவை விரித்துக் காட்டும் பெண்களுக்கும் ஒரு உரிமை உண்டு. 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார இருக்கை தந்தே ஆக வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். டிசம்பர் கூட்டத்தில் அந்த ஸ்டூல் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

டெய்லர் விஷயம் வேறு மாதிரி. தைப்பது பொருள் அல்ல, சேவை. ஆனால் கூலி வாங்கிச் செய்யும் தையல் சேவையும் இதே சட்டத்துக்குள் வரும். “24ஆம் தேதி சாயங்காலம் வாங்கண்ணே” என்பது வாய்ச்சொல். சீட்டில் தேதி, துணி எத்தனை மீட்டர், கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று எழுதி வாங்கினால் அதை நிரூபிப்பது எளிது. திருவிழாச் சட்டை திருவிழா முடிந்து வந்தால் அது சேவைக் குறைபாடு என்று வாதிட அந்தச் சீட்டுதான் ஆதாரம்.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு இங்கே கொஞ்சம் கூடுதல் பலம் உண்டு. 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி, சொன்ன தேதிக்குள் வராமல் தாமதமாக வந்த பொருளையும் விற்பவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. 23ஆம் தேதி வரும் என்று காட்டிய குழந்தைச் சட்டை 27ஆம் தேதி வந்தால், வேண்டாம் என்று திருப்பலாம். வெள்ளத்தில் சாலை மூழ்கியது போன்ற கைமீறிய காரணம் என்றால் மட்டும் விற்பவருக்கு விலக்கு. ஆர்டர் போடும்போது திரையில் காட்டிய டெலிவரி தேதியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பின்னால் அது மாறிக் கிடக்கும். புகார் சொன்னால் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும்.

பேசிப் பார்த்தும் நடக்கவில்லை என்றால் முதலில் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். அவர்கள் நிறுவனத்தோடு பேசிப் பார்ப்பார்கள், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் இங்கேயே வழிக்கு வந்துவிடும். தெருமுனைக் கடை அசையாது. அப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. சென்னையில் வாங்கிய பொருளுக்கும் நீங்கள் குடியிருக்கும் தூத்துக்குடியிலேயே வழக்குப் போடலாம், 2019 சட்டம் கொடுத்த பெரிய வசதி இது. இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். சோதனைக்கூடத்துக்கு அனுப்பத் தேவையில்லாத வழக்கை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கும். 800 ரூபாய்ப் பாவாடைக்கு அலைவதா என்பது உங்கள் தீர்மானம். ஆனால் தேதி போட்டு, குறையைச் சொல்லி, 15 நாள் கெடு வைத்து ஒரு ஸ்பீட் போஸ்ட் அனுப்புங்கள். பல நேரம் அதற்குப் பிறகு கடையிலிருந்து அவர்களே போன் போடுவார்கள்.

கேக் வாங்கும்போது மூன்று இடத்தில் கண் போகட்டும். பெட்டியில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண், தயாரித்த நாள், எந்த நாள் வரை சாப்பிடலாம் என்பது. முட்டை சேர்த்த பிளம் கேக் என்றால் பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும், பச்சை வட்டம் இருந்தால் சந்தேகப்படுங்கள். மக்ரூனையோ மிக்சரையோ தராசில் வைக்கும்போது அட்டைப்பெட்டியையும் சேர்த்து நிறுத்தால் நீங்கள் அட்டையை முந்திரி விலைக்கு வாங்குகிறீர்கள். பெட்டியை எடுத்துவிட்டு நிறுக்கச் சொல்லலாம், அண்ணாச்சி கோபித்தாலும் பரவாயில்லை. எடையளவு மோசடிக்கு தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையிடம் புகார் சொல்ல வேண்டும், கெட்டுப்போன உணவுக்கு உணவுப் பாதுகாப்புத் துறையிடம். 2025 செப்டம்பர் 22 முதல் கேக்குக்கு ஜிஎஸ்டி 18லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது. பில்லில் பழைய விகிதம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இந்த மாதம் போனில் வரும் வலை தனி. “உங்கள் பார்சலில் முகவரி முழுமையாக இல்லை, இந்த லிங்கில் 5 ரூபாய் கட்டவும்” என்று கூரியர் பெயரில், அஞ்சல் துறை பெயரிலேயே கூட வரும். எல்லா வீட்டிலும் ஏதோ ஒரு பார்சல் வர வேண்டியிருப்பதால் அது பொய் என்று தோன்றாது. 5 ரூபாய் அவர்களுக்கு வேண்டாம், அட்டை எண்ணும் ஓடிபியும்தான் வேண்டும். வாட்ஸப்பில் கிறிஸ்துமஸ் வாழ்த்து என்று, செயலியை நிறுவும் ஏபிகே கோப்பு வந்தால், தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் தொடாதீர்கள். அவர் போன் ஏற்கெனவே மோசடிக்காரர் கைக்குப் போயிருக்கலாம். கப்பலில், வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் நிறைந்த ஊர் இது. “வெளிநாட்டுப் பரிசு கஸ்டம்ஸில் நிக்குது, இந்தக் கணக்கில் பணம் போடுங்க” என்று அழைத்தால் வைத்துவிடுங்கள், சுங்கத் துறை தனியார் கணக்கில் பணம் வாங்குவதில்லை. நமக்குப் பணம் வருவதற்கு யுபிஐ பின் போட வேண்டியதே இல்லை. பின் கேட்டால் பணம் போகப் போகிறது.

போய்விட்டதா? வெட்கப்பட்டுக்கொண்டு இரவெல்லாம் படுத்துக் கிடக்காமல் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அழையுங்கள். திருடன் கணக்கிலிருந்து பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்கினால்தான் திரும்பும் வாய்ப்பு. வங்கிக்கும் அதே மூச்சில் சொல்லிப் புகார் எண்ணை வாங்குங்கள். ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் நேரம் வரைக்குமான நட்டம் உங்களுடையது, சொன்ன பிறகு நடக்கும் நட்டம் வங்கியுடையது என்பது ரிசர்வ் வங்கியின் 2017 ஆணை. நீங்கள் தவறே செய்யாமல், வேறெங்கோ இருந்த ஓட்டையால் பணம் போயிருந்தால் மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் உங்கள் பொறுப்பு சுழியம்.

இனி மழை. 2023 டிசம்பர் 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு எட்டே நாள். மறுநாள் காலை வரை 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. தண்டவாளத்துக்கு அடியில் மண்ணே இல்லை. அந்த வாரம் இந்தப் பக்கம் யாரும் கேக்கைப் பற்றிப் பேசவில்லை.

ரயிலை ரயில்வேயே ரத்து செய்தால் முழுக் கட்டணமும் திரும்பும். இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் தானாக வரும், கவுண்டர் டிக்கெட்டை ரயில் கிளம்பியிருக்க வேண்டிய நாளிலிருந்து மூன்று நாளுக்குள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பலருக்குத் தெரியாதது வேறு. நீங்கள் ஏறும் நிலையத்துக்கு ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால் பயணத்தைக் கைவிட்டு முழுப் பணத்தையும் கேட்கலாம். ஆனால் ரயில் உண்மையில் கிளம்புவதற்கு முன்பே டிடிஆர் என்ற பணம் திரும்பக் கேட்கும் விண்ணப்பத்தைப் பதிய வேண்டும். காத்திருந்து, ரயில் போன பிறகு கேட்டால் நடக்காது.

தண்ணீரில் மூழ்கிய ஸ்கூட்டரை உதைத்துப் பார்ப்பது நம் ஊர்ப் பழக்கம். செய்யாதீர்கள். தண்ணீர் ஏறிய எஞ்சினை இயக்கியதால் வந்த சேதம் என்று காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அது காரணமாகிவிடும். எந்த உயரம் வரை தண்ணீர் நின்றது என்று தெரிகிற மாதிரி படமெடுத்து, நிறுவனத்துக்குச் சொல்லிவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ போங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவருக்கு வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசா வராது, இதை நவம்பரிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். நிறுவனம் மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள். அந்தப் பதில் திருப்தி இல்லை என்றாலோ, ஒரு மாதம் பதிலே இல்லை என்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. வெள்ள நேரத்தில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070.

விடுமுறைக்குக் கொடைக்கானல் போகிறவர்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. குளிருகிறது என்று கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தாதீர்கள். புகை அடங்கிய கங்கும் கார்பன் மோனாக்சைடை விட்டுக்கொண்டே இருக்கும். நிறமில்லை, வாடையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலியும் தூக்கமும்தான் அறிகுறி, தூங்கினால் எழுந்திருப்பது நிச்சயமில்லை.

கடைசியாக நட்சத்திரம். போன வருடத்து வயரை எலி கடித்திருக்கும், ஒட்டுப்போட்ட இடத்தில் டேப் பிரிந்திருக்கும், அதை அப்படியே மொட்டைமாடிக் கம்பியில் ஈரத்தோடு கட்டுவோம். ஒட்டில்லாத வயர், வீட்டில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுக்குத் துண்டிக்கும் ஆர்சிசிபி, மின்கம்பியிலிருந்து எட்ட நிற்கும் கட்டு, இந்த மூன்றும் வேண்டும். இரும்புக்குழாய்க்குப் பதில் காய்ந்த மூங்கில் நல்லது. தெருக்குடிலுக்கு மின்கம்பத்தில் கொக்கி போடுவது மின்சாரச் சட்டப்படி திருட்டு. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்புக் கேட்டு வாங்கலாம். கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போகாமல் மின்வாரியப் புகார் மையமான மின்னகத்துக்குச் சொல்லுங்கள், எண் 94987 94987. 24ஆம் தேதி இரவு எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பும்போது வாசலில் நட்சத்திரம் எரியட்டும் என்று விட்டுப் போகத்தான் மனசு சொல்லும். தூறல் இருந்தால் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து மாட்டிக்கொள்ளலாம்.