தோட்டப் பள்ளியும் தொலைக்காட்சிப் பாடமும்

தலைநகரில் ஓர் ஆசிரியர் நடத்தும் பாடத்தை நாட்டின் மூலைமுடுக்குகளில் உள்ள மாணவர் அனைவரும் ஒரே வேளையில் கண்டும் கேட்டும் பயிலலாம் என்பதே கல்வி ஒளிபரப்பின் அடிப்படைக் கருத்தாகும். நல்லாசிரியர் கிடைத்தற்கரிய சிற்றூர்களுக்கு இதனினும் சிறந்த உதவி வேறில்லை என்று கல்வியாளர் பலர் கருதினர். சிலாங்கூரின் வடபகுதியில் உள்ள செரண்டா, பத்தாங்காலி, கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களை மனத்திற் கொண்டு நோக்கினால், இக்கருத்தின் வலிமையும் வரம்பும் நன்கு விளங்கும்.

மலாயாவின் தோட்டத் தமிழ்ப்பள்ளிகளுக்குச் சட்ட அடிப்படை தந்தது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டமாகும். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி ஒன்று நடத்த வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. விதியை நிறைவேற்ற ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் போதும் என்று கருதிய நிருவாகங்கள் பல. ஆதலின், ஒரே அறையில் மூன்று நான்கு வகுப்புகள் அமர, ஒருவரே அனைவர்க்கும் கற்பிக்கும் நிலை நெடுங்காலம் நீடித்தது. இத்தகைய பள்ளிக்கே வெளியிலிருந்து வரும் பாடம் மிகவும் தேவை. அதனை ஏற்றுப் பயன்கொள்ளும் வசதி மிகக் குறைந்திருந்ததும் இத்தகைய பள்ளியிலேயே.

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. பள்ளிகளுக்கான வானொலி ஒலிபரப்பு 1966-இல் தொடங்கிற்று. கல்வி அமைச்சின் கல்வித் தொலைக்காட்சி 1972 ஜூன் 19-ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. அந்நாளில் இதற்கு நிகரான முயற்சிகள் உலகின் பிற பகுதிகளிலும் நிகழ்ந்தன. டில்லியில் 1961-லேயே பள்ளித் தொலைக்காட்சி நடைபெற்றது. பசிபிக் மாகடலில் உள்ள அமெரிக்கச் சமோவா 1964-இல் தன் பள்ளிகளுக்குத் தொலைக்காட்சி வழியாகப் பாடம் நடத்த முற்பட்டது.

இனி, ஒளிபரப்பு ஒரு தோட்டத்தை எவ்வாறு சென்றடைகிறது என்பதைக் காண்போம். வானொலியின் மத்திய அலை நிலத்தை ஒட்டி வளைந்து செல்லும். சிற்றலை வானின் மின்படலத்தில் பட்டுத் திரும்பித் தொலைவில் இறங்கும். தொலைக்காட்சிக்குரிய அலைகளோ பெரும்பாலும் நேர்கோட்டிலேயே செல்லும் இயல்பின. ஆகவேதான் ஒளிபரப்புக் கம்பங்களை மலையுச்சியில் நாட்டுகின்றனர். செரண்டாவுக்கு வடகிழக்கே, ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், உலு காலி மலைமீது அத்தகைய நிலையம் ஒன்று உண்டு. அம்மலையின் உயரம் 1,700 மீட்டருக்கு மேல். அவ்வளவு உயரத்திலிருந்து, இடையில் தடை இல்லையாயின், 140 கிலோமீட்டருக்கு அப்பாலும் பார்வைக்கோடு செல்லும்.

ஈண்டு ஒரு வியப்பு உளது. கோலசிலாங்கூர் அந்த மலையிலிருந்து 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது; எனினும் கடலோரச் சமவெளியாதலின் மலையுச்சியை நோக்கி உயர்த்திய அலைவாங்கிக்குத் தடை குறைவு. மலையடிவாரத்துத் தோட்டமோ அண்மையில் இருந்தும், குன்று ஒன்று குறுக்கிட்டால் அதன் நிழலில் மறைந்துவிடக்கூடும். ஒளிபரப்பில் அண்மை வேறு, அடைவு வேறு.

அலை வந்தடைந்தாலும் பெட்டி இயங்க மின்சாரம் வேண்டும். பல தோட்டங்களில் மின்சாரம் என்பது நிருவாகத்தின் எண்ணெய்ப் பொறி தரும் மின்சாரமே. லயங்களுக்கு மாலையில் விளக்கெரியச் சில மணி நேரம் அது ஓடும்; பள்ளி நடைபெறும் முற்பகலில் அதற்கு வேலையில்லை. பாடம் வரும் வேளையில் மின்சாரம் இல்லை. மின்சாரம் வரும் வேளையில் பாடம் இல்லை. மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிப்பெட்டி இத்தகைய இடங்களில் தொலைக்காட்சியைவிடப் பயன்பட்டதற்குக் காரணம் இதுவே.

இவ்விரு தடைகளும் காலத்தால் நீங்கக்கூடியன. பெரும்பாலும் நீங்கியும் விட்டன. நீங்குதற்கு அரிய தடை நேரமும் மொழியுமாகும். இதனை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். முற்பகலில் பள்ளி நேரம் 5 மணி எனக் கொள்வோம். பாடம் ஒன்றுக்கு 20 நிமிடமாயின், ஓர் அலைவரிசையில் ஒரு நாளைக்கு 15 பாடங்களே இடம்பெறும். தொடக்கப் பள்ளியிலோ 6 ஆண்டுகள். மலாய், சீனம், தமிழ் எனப் பயிற்றுமொழிகள் 3. ஆக 18 பிரிவினர். இடைநிலைப் பள்ளிகளை முற்றிலும் ஒதுக்கிவைத்தாலுங்கூட, ஒவ்வொரு பிரிவினருக்கும் நாளைக்கு ஒரு பாடம் வழங்க அந்நேரம் போதாது. நேரம் குறுகிய இடத்தில் பெருந்தொகையினருக்குப் பயன்படுவதே முதலிடம் பெறும். 500-க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நாட்டில் இருந்தும் அவற்றின் மாணவர் தொகை சிறிது. ஆதலின், எவர்மீதும் பகைமை இல்லாமலே தமிழ்ப்பிள்ளையின் முறை பின்னுக்குப் போக இடமுண்டு. வீட்டில் தமிழ் ஒன்றே பேசி வளர்ந்து முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கும் பிள்ளைக்கு, வேறு மொழியில் வரும் கணக்குப் பாடம் படக்காட்சியேயன்றிப் பாடமாகாது.

இந்நெருக்கடி மலேசியாவுக்கு மட்டும் உரியதன்று. விக்ரம் சாராபாய் முதலிய அறிஞர்கள் வித்திட்ட இந்தியாவின் செயற்கைக்கோள் கல்விச் சோதனை 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை நடைபெற்றது. ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 சிற்றூர்கள் அதில் இடம்பெற்றன. தமிழ்நாடு அவற்றுள் ஒன்றன்று. கம்பிவலையால் ஆன, மூன்று மீட்டர் அகலமுள்ள அலைவாங்கிகளைக் கொண்டு அமெரிக்கச் செயற்கைக்கோளிலிருந்து ஊர்மக்கள் நேரடியாகவே காட்சிகளைப் பெற்றனர். காலையில் பள்ளிகளுக்கென ஒதுக்கப்பட்டது ஒன்றரை மணி நேரம். அதனை இந்தி, கன்னடம், ஒரியா, தெலுங்கு ஆகிய நான்கு மொழிகளும் பங்கிட்டுக்கொள்ள, மொழி ஒன்றுக்குக் கிடைத்தது இருபத்திரண்டரை நிமிடமே! ஆயினும், அச்சோதனையில் பின்பற்றத்தக்க செயல் ஒன்று உண்டு. அறிவியலைப் பயிற்றும் முறை பற்றிப் பல்லாயிரம் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அதே கருவியின் வாயிலாகவே பயிற்சி அளித்தனர். பெட்டியின் பக்கத்தில் நிற்பவரையும் அவர்கள் மறக்கவில்லை என்பது கருதத்தக்கது.

இவையெல்லாம் பழங்கதை என்று சிலர் எண்ணக்கூடும். 2020 மார்ச் 18 முதல் கொரோனா தொற்றின் காரணமாக மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு நடப்புக்கு வந்தபோது, பழைய வினாக்கள் மீண்டும் உயிர்பெற்றன. பாடங்கள் இணையத்துக்கு மாறின. ஆனால், கல்வி அமைச்சு அவ்வாண்டு நடத்திய கணக்கெடுப்பில், நூற்றுக்கு 36.9 மாணவரிடம் எவ்வகை மின்னியல் கருவியும் இல்லை என்பது தெரியவந்தது. கைப்பேசி உடையோர் நூற்றுக்கு 46 பேர் அளவினர். தந்தை வேலைக்கு எடுத்துச் செல்லும் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் இரவில் பங்கிட்டுப் படிக்கும் வீட்டில் இணையப் பாடம் எவ்வளவு சேரும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஏப்ரலில் அரசுத் தொலைக்காட்சியில் கல்வி நிகழ்ச்சிகள் மீண்டும் இடம்பெற்றன. 2021 பிப்ரவரி 17-இல் கல்விக்கெனத் தனி அலைவரிசை ஒன்று தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்ட் 26-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் 2020-இல் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில் பாடநூல் பாடங்களை ஒளிபரப்பியது. அது தமிழில் அமைந்ததுதான். எனினும் தமிழ்நாட்டுப் பாடத்திட்டம் வேறு, மலேசியத் தமிழ்ப்பள்ளியின் பாடத்திட்டம் வேறு. ஆகவே, மொழி ஒன்றாயினும் அப்பாடங்களை அப்படியே எடுத்தாள இயலாது.

ஒளிபரப்புக்கும் இணையத்துக்கும் உள்ள வேறுபாட்டை இங்குத் தெளிதல் நன்று. வானில் வரும் பாடத்தை ஒருவர் காணினும் ஓராயிரம் பேர் காணினும் செலவு ஒன்றே. காண்போர் பாடந்தோறும் கட்டணம் செலுத்துவதில்லை. ஆனால், அது எவருக்காகவும் காத்திராது. விட்ட பாடம் விட்டதே. இணையப் பாடம் காத்திருக்கும். மொழிகள் எத்தனையாயினும் இடங்கொடுக்கும். ஆனால், ஒவ்வொரு பார்வைக்கும் கருவியும் கட்டணமும் கேட்கும். 2019 அக்டோபர் 31-க்குள் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த எண்முறை ஒளிபரப்பு, ஓர் அலைப்பகுதியில் பல அலைவரிசைகளைப் பொருத்தும் ஆற்றல் உடையது. முன்னே கண்ட நேர நெருக்கடிக்கு அதில் விடை உண்டு. அதனைத் தமிழ்ப்பிள்ளைக்குப் பயன்படுத்துவது பொறியியலைச் சார்ந்ததன்று, மனத்தைச் சார்ந்தது. ஒளிபரப்பான பாடத்தைப் பள்ளியில் பதிவுசெய்து வைத்து, வேண்டும்போது காட்டினால் இருவகைப் பயனும் ஒருங்கே கிட்டும்.

எனினும், திரை எதுவாயினும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் கண் அதற்கில்லை. புரியாமல் விழிப்பவன் எவன், வெட்கத்தால் கேளாதிருப்பவள் எவள் என்று அறியும் ஆற்றல் பக்கத்தில் நிற்கும் ஆசிரியருக்கே உண்டு. பாடத்துக்கு முன் ஐந்து நிமிடம், பின் பத்து நிமிடம் அவர் பிள்ளைகளின் மொழியில் பேசினால் அப்பாடம் நிலைக்கும். பேசாவிடில் காட்சியோடு கலைந்துபோகும். ஆசிரியருக்கு மாற்றாகத் தொலைக்காட்சி என்று கருதிய இடங்களில் அது தோற்றது. ஆசிரியருக்குத் துணையாகத் தொலைக்காட்சி என்று கொண்ட இடங்களிலேயே வென்றது. தோட்டங்கள் வீட்டுமனைகளாக மாறி, சிறு பள்ளிகள் இடம்பெயர்ந்துவரும் இந்நாளில், எஞ்சிய பள்ளிகளுக்குப் பெட்டிகளை வழங்குவோர் பெட்டியோடு தமிழ்ப் பாடத்தையும் பயிற்சி பெற்ற ஆசிரியரையும் சேர்த்தே வழங்குதல் வேண்டும்.