காலம் மாற்றிய தீர்ப்பு

நம் பிள்ளைகள் விரும்பிக் கேட்கும் ராக் இசையிலும் நாம் அறியத்தக்க வரலாறு உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ‘வீசர்’ குழுவினரின் முதல் இசைத்தட்டு 1994-இல் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டிற்று. குழுத்தலைவர் ரிவர்ஸ் குவோமோ, காலில் அறுவை சிகிச்சை பெற்று, ஹார்வர்டில் பயின்றவாறே தம் தனிமைத் துயரை ஒளிவின்றிப் பாடல்களாக்கினார். புச்சீனியின் ‘மேடம் பட்டர்ஃபிளை’ இசைநாடகப் பாத்திரத்தின் பெயர் தாங்கி, ‘பிங்கர்ட்டன்’ என்னும் அவ்விரண்டாம் தட்டு 1996-இல் வந்தது. முந்தைய குதூகலத்தை எதிர்நோக்கியோர் ஏமாந்தனர். ‘ரோலிங் ஸ்டோன்’ ஏட்டின் வாசகர்கள் அதனை அவ்வாண்டின் மிக மோசமான தட்டுகளுள் ஒன்றெனத் தள்ளினர். மனம் நொந்த குவோமோவும் பின்னாளில் அதனைப் பழித்தார். இளைஞர்களோ அதனைக் கைவிட்டாரில்லர். 2004-இல் அதே ஏடு ஐந்து நட்சத்திரம் அளித்துப் போற்றியது; 2010-இல் குழுவினர் அதனை முழுமையாகவே மேடையில் பாடினர். முதல்நாள் கைதட்டலைக் கொண்டு ஒரு படைப்பை நாம் எடைபோடலாகாது.