கணக்குக் கேட்கும் இடம்

ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்த பின்பு நீ யாரோ நான் யாரோ என்ற பழமொழியைத் தேர்தலை மனத்தில் வைத்துத்தான் நம் முன்னோர் சொல்லிவைத்தார்களோ என்று ஐயுறும்படி, வாக்குறுதிகளைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், அது சென்னையானாலும் யாழ்ப்பாணமானாலும் லண்டன் மாநகரின் கீழ்க்கோடியிலுள்ள இந்த அப்டன் பார்க்கானாலும், தமிழர் கூடும் இடங்களில் ஒரே அபிப்பிராயந்தான் ஒலிக்கக் கேட்கிறோம். தலைவர்கள் சொன்னதைச் செய்வதில்லை; ஜனங்களோ அடுத்த தேர்தலுக்குள் அதை மறந்துவிடுகிறார்கள் என்பதே அது. இதில் முதற்பாதி ஆராய்ச்சிக்கு நிற்கவில்லை. ராபர்ட் தாம்ஸன் முதலிய அரசியல் நூலறிஞர்கள் பன்னிரண்டு தேசங்களில் 57 தேர்தல்களில் வெளியான இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட வாக்குறுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, பின்னால் நடந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து 2017-ல் வெளியிட்ட ஆய்விலே, தனிக் கட்சி ஆட்சி நடக்கும் நாடுகளில், விசேஷமாக இங்கிலாந்தில், ஆளுங்கட்சிகள் தங்கள் வாக்குறுதிகளில் மிகப் பெரும்பாலானவற்றை முழுவதுமாகவோ பகுதியாகவோ நிறைவேற்றியிருப்பதாகவே தெரிய வருகிறது. நிறைவேறியவை ஓசையின்றிப் பழக்கத்தில் கலந்துவிடுகின்றன. மீறப்பட்டவையே ஞாபகத்தில் முள்ளாகத் தங்குகின்றன.

மறுபாதிதான் சுவாரஸ்யமானது. ஜனங்கள் மறக்கிறார்களா, மன்னிக்கிறார்களா, அல்லது நாம் பார்க்காத வேறோர் இடத்தில் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறார்களா? இதற்கு விடை தேட அப்டன் பார்க்கைவிட வினோதமான ஊர் கிடைப்பது அரிது. புடவைக் கடைகளும் நகைக் கடைகளும் நெருங்கி நிற்கும் கிரீன் ஸ்ட்ரீட்டும், வெண்டைக்காயும் முருங்கைக்காயும் கருவாடும் ஒரே கூரையின்கீழ் விலைபோகும் குயின்ஸ் மார்க்கெட்டும், கிழக்கே சற்று நடந்தால் ஈஸ்ட் ஹாமின் தமிழ்க் கடைகளும் அடங்கிய இந்தப் பிரதேசத்தை ஆளும் நியூஹாம் கவுன்சிலில், 2010, 2014, 2018 ஆகிய மூன்று தேர்தல்களிலும் இருந்த அறுபது இடங்களையும் லேபர் கட்சியே, ஒன்றுகூடப் பிறருக்கு விடாமல், கைப்பற்றியது. தோற்கடிக்க முடியாத கட்சியிடம் எவ்வாறு கணக்குக் கேட்பது?

பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்கலாம். இங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய பிளாஸ்டோ, கேனிங் டவுன் முதலிய பகுதிகளைக் கொண்டிருந்த வெஸ்ட் ஹாம் தெற்குத் தொகுதி, 1892-ல் கெய்ர் ஹார்டி என்ற முன்னாள் சுரங்கத் தொழிலாளியைப் பார்லிமெண்டுக்கு அனுப்பிற்று. கறுப்புக் கோட்டும் பட்டுத் தொப்பியும் அணிந்த கனவான்களின் சபையில் தொழிலாளியின் உடையோடு நுழைந்த அம்மனிதர், வேலையற்றோருக்காகப் பேசுவேன் என்று தந்த வாக்கை அணுவளவும் பிசகாமல் காப்பாற்றி, 'வேலையற்றோரின் அங்கத்தினர்' என்ற பெயரையே பெற்றார். 1894 ஜூன் மாதத்தில் வேல்ஸில் ஒரு நிலக்கரிச் சுரங்கம் வெடித்துச் சுமார் 290 பேர் மாண்டபோது, அவர்களுக்கு அனுதாபம் தெரிவிக்க முன்வராத சபை அரச குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு வாழ்த்துத் தெரிவிக்க முனைந்ததைக் கண்டு, தன்னந்தனியாக எழுந்து நின்று எதிர்த்தார். மறு வருஷத் தேர்தலில் வெஸ்ட் ஹாம் அவரைத் தோற்கடித்தது. முன்பு அவரை ஆதரித்த லிபரல்களும் ஐரிஷ்காரர்களும் கைவிட்டுவிட்டார்கள் என்பது சரித்திரக்காரர்கள் தரும் காரணம். எதுவாயினும், சொன்னதைச் செய்தவர் வெல்வார் என்ற எளிய சூத்திரம் இந்த மண்ணில் 130 வருஷங்களுக்கு முன்பே பொய்த்துப்போயிற்று. ஹார்டி பின்னர் 1900-ல் வேல்ஸிலுள்ள மெர்தர் டிட்ஃபில் தொகுதியிலிருந்துதான் சபைக்குத் திரும்பினார்.

வாக்குறுதியைக் காப்பாற்றியதற்காக நீதிமன்றத்தில் தோற்றவர்களும் இந்நகரில் உண்டு. 1981 மே மாதம் லண்டன் பெருநகரக் கவுன்சிலைக் கைப்பற்றிய லேபர் கட்சி, பஸ், பாதாள ரயில் கட்டணங்களை 25 சதவீதம் குறைப்போம் என்று தேர்தல் அறிக்கையில் சொன்னபடியே அக்டோபரில் குறைத்தும் விட்டது. அப்டன் பார்க்கிலிருந்து டிஸ்ட்ரிக்ட் லைனில் தினந்தோறும் நகருக்குள் வேலைக்குப் போய்வந்தவர்களுக்கு அது எத்தகைய பாக்கியமாயிருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பாதாள ரயிலே எட்டாத பிராம்லி வட்டாரம், இந்தச் சலுகைக்கு எங்கள் ஜனங்கள் ஏன் அதிக வரி செலுத்தவேண்டும் என்று வழக்குத் தொடுத்தது. டிசம்பரில் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் அக்குறைப்பு சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தார்கள். கீழ்க் கோர்ட்டிலேயே டென்னிங் பிரபு, தேர்தல் அறிக்கையை வேதவாக்காகவோ முத்திரையிட்ட கடன் பத்திரமாகவோ கொள்ளலாகாது என்ற கருத்துப்படப் பேசியிருந்தார். 1982 மார்ச்சில் கட்டணங்கள் ஏறக்குறைய இரட்டிப்பாயின. வேறு சட்ட வழி கண்டுபிடித்து, 1983-ல் அக்கவுன்சில் மறுபடியும் குறைத்தது என்பதும், இன்று லண்டன்வாசிகளுக்குப் பழகிப்போன டிராவல்கார்டு அப்போது பிறந்ததுதான் என்பதும் உபகதை.

இத்தேசத்தின் சட்டம் வாக்குறுதியைக் கண்டுகொள்வதே இல்லை. ஐரோப்பிய அரசியல் சட்டத்தைப் பற்றி வாக்குக் கொடுத்தபடி, அதற்கு ஈடான லிஸ்பன் உடன்படிக்கையைப் பற்றியும் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தவேண்டும் என்று ஒருவர் 2008-ல் தொடுத்த வழக்கை ஹை கோர்ட் தள்ளிவிட்டது. 2015-ல் இயற்றப்பட்ட திருப்பியழைக்கும் சட்டமும், எம்.பி. சிறைத்தண்டனை பெற்றாலோ, சபையிலிருந்து சில காலம் விலக்கப்பட்டாலோ, படிக்கணக்கில் பொய் சொல்லித் தண்டிக்கப்பட்டாலோதான் பயன்படும். சொல் தவறியவரை அதனால் தொட முடியாது. தமிழ்நாட்டிலும் இதே நிலைதான். இலவசக் கலர் டி.வி. வாக்குறுதியை எதிர்த்து எழுந்த சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில், தேர்தல் அறிக்கையிலுள்ள வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் கூறி, நெறிமுறை வகுக்கும் பொறுப்பைத் தேர்தல் கமிஷனிடம் விட்டது. எனவே கணக்குக் கேட்பது வாக்காளன் கையில் மட்டுமே இருக்கிறது.

அவன் கேட்கும் கணக்கு விசித்திரமானது. காலேஜ் சம்பள விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். காலேஜ்கள் கூடுதல் சம்பளம் வசூலிக்க விடமாட்டோம் என்று 2001-ல் எழுதிக்கொடுத்த லேபர் கட்சி, 2004 ஜனவரியில் வெறும் ஐந்து வாக்கு வித்தியாசத்தில் அதற்கான மசோதாவை இரண்டாம் வாசிப்பில் தப்பவைத்துக்கொண்டது. அடுத்த வருஷத் தேர்தலில், பலம் குறைந்தாலும், மறுபடி ஆட்சிக்கு வந்தது. 2010-ல் லிபரல் டெமாக்ரட் வேட்பாளர்கள், எந்தச் சம்பள உயர்வையும் எதிர்த்து வாக்களிப்போம் என்ற மாணவர் சங்கப் பத்திரத்தில் கையொப்பமிட்டு, அதைக் கையில் ஏந்திப் படமும் எடுத்துக்கொண்டார்கள். கூட்டாட்சியில் சேர்ந்தபின், அவ்வருஷம் டிசம்பர் 9-ஆம் தேதி, வருஷத்துக்குச் சுமார் 3,300 பவுண்டாயிருந்த உச்சவரம்பை 9,000 பவுண்டாக உயர்த்தும் தீர்மானத்துக்கு அவர்களிற் பலர் கை தூக்கினார்கள். 2012-ல் அவர்களுடைய தலைவர் நிக் கிளெக் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டும் பயனில்லாமல், 2015-ல் 57 ஆக இருந்த அவர்களுடைய அங்கத்தினர் எண்ணிக்கை 8 ஆயிற்று. அதே உயர்வுக்குப் பெரும் பங்காளியான கன்ஸர்வேடிவ் கட்சியோ தனிப்பெரும்பான்மை பெற்றது! அந்தச் சரிவுக்குச் சம்பள உயர்வு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் ஒரே குற்றத்துக்கு ஒருவருக்கு மாலையும் ஒருவருக்குத் தூக்கும் கிடைத்ததேன் என்று கேட்டால், என் அபிப்பிராயத்தில், லேபருக்கு வேறு பற்பல மூலதனங்கள் இருந்தன, லிபரல் டெமாக்ரட்டுகளுக்கோ அந்த நாணயம் ஒன்றே மூலதனம். மேலும் அவர்கள் கையொப்பமிட்ட வாசகத்தில் தப்பிப்பதற்கு ஓர் ஊசித்துவாரமும் இருக்கவில்லை.

அந்தத் துவாரத்தை முன்கூட்டியே அமைத்துக்கொண்ட சாமர்த்தியத்தை நாம் தமிழ்நாட்டில் பார்த்திருக்கிறோம். 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று ஊரெங்கும் முழங்கிய அண்ணாதுரை, 'மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்' என்று வாக்குறுதியை இரண்டு அடுக்காகக் கட்டிவைத்தார். முதல்வரானபின் சென்னையிலும் கோவையிலும் ஒரு படிதான் கிடைத்தது. மூன்று படி எப்போதும் வரவில்லை. எதிர்க்கட்சிகள் அதை வைத்து எவ்வளவோ எள்ளியும், அண்ணா மறைந்தபின் 1971-ல் நடந்த தேர்தலில் தி.மு.க. 234-ல் 184 இடங்களை வென்றது. இந்திரா காந்தியின் உறவும் அலையும் அதில் கலந்திருந்தன என்பது உண்மை. என்றாலும், நிச்சயம் என்று சொன்ன படியளவாவது ஓரளவு கண்ணில் பட்டதைக் கண்டு ஜனங்கள் லட்சியத்தை மன்னித்தார்கள் என்று நான் நம்புகிறேன். மறதிக்கும் இந்த மன்னிப்புக்கும் வெகு தூரம்.

அப்டன் பார்க்குக்குத் திரும்புவோம். ஒரே கட்சி ஆளும் இவ்வூரில் ஜனங்களின் கோபம் வாக்குப்பெட்டியில் வழி காணாதபோது வேறு வாய்க்கால்களைத் தேடிக்கொண்டது. குயின்ஸ் மார்க்கெட்டை இடித்துவிட்டு அடுக்குமாடிகளையும் பெருங்கடையையும் எழுப்பும் திட்டத்தை எதிர்த்து வியாபாரிகளும் வாடிக்கையாளர்களும் வருஷக்கணக்காகப் போராடினார்கள். 2006-ல் கிரீன் ஸ்ட்ரீட் மேற்கு வார்டு, லேபரை எதிர்த்து நின்ற ரெஸ்பெக்ட் கட்சியின் மூன்று பேரைக் கவுன்சிலுக்கு அனுப்பிற்று. ஈராக் யுத்தக் கோபமும் அதில் உண்டு. நாலு வருஷத்தில் அம்மூவரின் இடங்களும் லேபருக்கே போயின. சந்தையைக் காப்பாற்றியவர், இவ்வூர் வாக்காளர் தேர்ந்தெடுத்த எவருமல்லர். லண்டன் முழுமைக்கும் மேயராயிருந்த, இவ்வூர் வெறுத்த கன்ஸர்வேடிவ் கட்சியைச் சேர்ந்த போரிஸ் ஜான்ஸன், 31 மாடிக் கோபுரத்தோடு கூடிய அத்திட்டத்தை 2009-ல் நிராகரிக்கச் செய்தார். வியாபாரிகள் அன்றுபோல் இன்றும் அங்கே கூவி விற்கிறார்கள்.

இதைக்காட்டிலும் விசித்திரமானது ஸர் ராபின் வேல்ஸின் வீழ்ச்சி. 1995 முதல் கவுன்சில் தலைவராகவும், 2002 முதல் ஜனங்களால் நேரே தேர்ந்தெடுக்கப்பட்ட மேயராகவும் இருபத்து மூன்று வருஷம் கோலோச்சியவர் அவர். ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் வெஸ்ட் ஹாம் கால்பந்துக் குழு குடியேறுவதால் வட்டாரத்துக்கு லாபம் வரும் என்று 4 கோடி பவுண்டை முதலீடு செய்த அவருடைய கவுன்சில், 2017 இறுதியில், வட்டியோடு 5 கோடிக்கு மேற்பட்ட தொகையை வாராக்கடனாக எழுதித்தள்ளியது. 1904 முதல் அக்குழுவின் களமாகவும் அப்டன் பார்க்கின் ஜீவனாகவும் இருந்த போலின் மைதானம் 2016 மே மாதத்தில் கடைசி ஆட்டத்தைக் கண்டபின் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் 842 வீடுகள் எழுந்தன. அவற்றில் எளியவருக்கு எட்டும் வாடகையில் எத்தனை என்ற சண்டையும் நெடுநாள் நடந்தது. இத்தனைக்கும் பிறகு, பொதுத் தேர்தலில் நின்றிருந்தால் அவர் மறுபடி ஜயித்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவரைத் தடுத்தது சொந்தக் கட்சியின் உள்ளறை. 2016-ல் ஆதரவு 20, எதிர்ப்பு 17 என்ற கணக்கில் போட்டியின்றி நிற்க அனுமதி பெற்ற முறையைக் கட்சிக்காரர்களே ஆட்சேபித்து, மறுபடி வாக்கெடுக்க வைத்தார்கள். 2018 மார்ச்சில் மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த உட்கட்சித் தேர்தலில் அவரை எதிர்த்து நின்ற ரொக்ஸானா ஃபயாஸ் 861 வாக்குகளும் அவர் 503 வாக்குகளும் பெற்றார்கள். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களின் ஆட்சியைப் பதினாலு நூறுக்கும் குறைந்த கட்சி அங்கத்தினர்கள் தீர்மானித்தார்கள். மே மாதத் தேர்தல் வெறும் சடங்காகவே நடந்தது. கணக்குத் தீர்க்கப்பட்டது உண்மை. ஆனால் அந்த அறைக்குள் நுழையும் சீட்டு, மாதச் சந்தா கட்டியவனுக்கே உண்டு என்பதை நாம் மறக்கலாகாது.

ஃபயாஸ் தந்த வாக்குறுதிகளில் ஒன்று அபூர்வமானது. நேரடி மேயர் பதவியே வேண்டுமா என்று தம் மூன்றாம் வருஷம் முடிவதற்குள் வாக்கெடுப்பு நடத்துவேன் என்றார். தேதி குறித்த வாக்குறுதி, மழுப்ப இடமில்லாதது. சொன்னபடி 2021 மே 6-ஆம் தேதி நடத்தினார். மேயர் பதவி நீடிக்கட்டும் என்று சுமார் 56 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். அதிகாரத்தை ஒரே கையில் குவிக்கலாகாது என்று கட்சிக்குள் கலகம் செய்த பலருக்கு அது எதிர்பாராத முடிவு. சொல்லைக் காப்பாற்றியதற்காக யாரும் அவருக்கு ஆரத்தி எடுக்கவில்லை. அவருடைய நிர்வாகத்தில், முன்பு ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் வாகனத்துக்கு இனாமாகக் கிடைத்த பார்க்கிங் பெர்மிட், காரின் புகையளவைப் பொறுத்த கட்டணமாக மாறியது. கிரீன் ஸ்ட்ரீட் டீக்கடைகளில் ஜனநாயக அமைப்பைக் காட்டிலும் அந்தக் கட்டணமே நெடுநேரம் பேசப்பட்டது. தேர்தல் அறிக்கையைப் படிப்பவர் ஆயிரத்தில் ஒருவர். வண்டியின் கண்ணாடியில் செருகப்பட்ட அபராதச் சீட்டைப் படிக்காதவர் ஒருவரும் இல்லை.

2023 ஜூலை 13-ஆம் தேதி, பழைய கால்பந்து மைதானத்தின் பெயர் தாங்கிய போலின் வார்டில் இடைத்தேர்தல் நடந்தது. பார்க்கிங் கட்டணத்தை முன்வைத்துப் பிரசாரம் செய்த மெஹ்மூத் மிர்ஸா என்ற சுயேச்சை, லேபர் கட்சியை அதன் கோட்டையிலேயே தோற்கடித்தார். அன்றே நடந்த வால் எண்ட் இடைத்தேர்தலில் லேபர் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டது. நவம்பர் மாதத்தில் பக்கத்துப் பிளாஸ்டோ வடக்கு வார்டிலும் சுயேச்சை ஒருவரே, ஸோஃபியா நக்வி என்ற பெண்மணி, வென்று கவுன்சில் மண்டபத்துக்குள் போனார்.