வெயிலும் சிறு விமானமும்

மலாக்கா நகரை அடுத்த பத்து பெரெண்டாம் விமானத் திடல் சிறியதாயினும், நாட்டு வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. 1956ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 20ஆம் நாள், லண்டன் பேச்சு முடித்துத் திரும்பிய துங்கு அப்துல் ரகுமான் அவர்கள் இங்குத்தான் வந்திறங்கினார். மக்கள் திரண்டு வரவேற்றனர். அன்றே பண்டார் ஹிலிர் திடலில் விடுதலைக்குரிய நாளை அறிவித்தார். பிற்காலத்தில் மலேசியன் பிளையிங் அகாடமி இத்திடலில் விமானிகள் பலரைப் பயிற்றுவித்தது. மஸ்ஜித் தானா வட்டாரப் பள்ளி மாணவர் சிறு விமானம் ஒன்றை அண்ணாந்து பார்க்கும்போது, ஆசிரியர் விளக்கத்தக்க பொருள் ஒன்று உண்டு.

காலையில் மூவரை ஏற்றிப் பறந்த விமானி, நண்பகலில் ஒருவரை இறங்கச் சொல்வது ஏன்? விமானமும் ஓடுபாதையும் மாறவில்லை, காற்றுத்தான் மாறிவிட்டது.

சூடேறிய காற்று விரிந்து மெலிகிறது. கடல் மட்டத்தில் 15 பாகை வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை 1.225 கிலோகிராம். 33 பாகையில் அது ஏறத்தாழ 1.15 கிலோகிராமே. எரிபொருளுடன் கலக்க எஞ்சினுக்குக் கிடைக்கும் காற்றுக் குறைகிறது. சுழலி பின்தள்ளும் காற்றும் குறைகிறது. இறக்கையைத் தாங்கும் விசையும் குறைகிறது. ஆகவே, விமானம் எழுவதற்கு மிகுந்த வேகம் வேண்டும். அவ்வேகத்தை அடைவிக்கும் ஆற்றலோ தளர்ந்துவிடுகிறது. இவ்விரண்டும் சேர்ந்து, ஓட வேண்டிய தூரத்தை நீட்டுகின்றன. எழுந்த பின்னரும் ஏற்றம் மந்தமாகவே இருக்கும்.

இதனை விமானிகள் ஓர் உயரமாகக் கணக்கிடுவர். அடர்த்தியுயரம் என்று அதனைத் தமிழில் வழங்கலாம். அவ்வுயரத்திற்குரிய நிலையளவைவிட மிகும் ஒவ்வொரு பாகைக்கும் சுமார் 120 அடி கூட்ட வேண்டும். 33 பாகையில் 18 பாகை மிகுதி. ஆகவே 2,160 அடி, அதாவது சுமார் 660 மீட்டர். கடலோரச் சமவெளியில் நிற்கும் விமானம், 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலையின் பாதி உயரத்தில் நிற்பதுபோலவே இயங்குகிறது!

ஈரக்காற்றுக் கனமானது என்பது பலர் எண்ணம். உண்மை அதற்கு மாறானது. நீராவியின் மூலக்கூறு உலர்காற்றின் சராசரி மூலக்கூற்றைவிட இலேசானது. ஆதலால் நம் நாட்டுப் புழுக்கம் காற்றை மேலும் சற்று மெலிவிக்கிறது.

இதற்குப் பரிகாரம் எளிது: காலையில் பறத்தல், சுமையைக் குறைத்தல், விமானக் கைந்நூல் அட்டவணையைப் பார்த்து ஓடுபாதை போதுமா எனக் கணித்தல். பிற்பகலில் எழும் அனல்நீரோட்டம் போன்ற காற்றெழுச்சியும் இடிமழையும் காலைப் பொழுதின் சிறப்பை வலியுறுத்தும்.

பொதுமக்கள் திடலுக்குத் திரண்டு வரும் விழா நாட்களில்தான் இவ்வறிவு பெரிதும் பயன்படும். வரிசையில் காத்திருக்கும் பிள்ளைகளின் ஆவல் விமானியை நெருக்கும். அந்நிலையில் அவர் "இப்போது இயலாது" என்று மறுத்தால், அது அச்சத்தால் அன்று, கணக்கால் என்பதை நாம் உணர வேண்டும். அவரை வற்புறுத்தாமல் மறுநாட் காலைவரை பொறுத்திருப்பதே அறிவுடைமை.